ஒரு சாண் வயர்

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஓர் ஆகஸ்ட் மாதம். புனேயில் ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. அப்போது நான் காட்கிக்கும் ஆகுர்டிக்கும் நடுவே ஒரு சிறிய ரயில்வே ஸ்டேஷனில் சிக்னல் மெயின்டெய்னராக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. இதில் என்னோடு இன்னொருவரும் சம்பந்தப்பட்டிருக்கிறார். அவரும் ஓய்வு பெற்று, மகள் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார். அவரை இழுத்துவிட எனக்கு உரிமை இல்லை. என்னைப் பற்றி மட்டும் ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

எங்கள் பூர்வீகம் பாளையங்கோட்டைப் பக்கம். அப்பா காட்கிக்கு ஃபேக்டரி வேலைக்கு வந்தவர், போபோடியிலேயே தங்கிவிட்டார். நான் அந்தச் சந்துகளில் வளர்ந்தவன். கடைக்குப் போனால் மராத்தி, வேலையில் ஹிந்தி, வீட்டுக்குள் நுழைந்தால்தான் தமிழ். மனைவியை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஆகுர்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. தினமும் காலையில் காட்கியில் லோனாவ்லா லோக்கலைப் பிடித்து ஆகுர்டியில் இறங்குவாள். அந்த லோக்கல் என் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகும்.

இதைக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் அது எனக்குப் பெரிய தலைவலி. சிக்னல் கோளாறு என்று லோக்கல் நின்றால், லேடீஸ் பெட்டியில் உள்ளவர்கள் எல்லாரும் என் மனைவியைத்தான் திரும்பிப் பார்ப்பார்களாம். "உன் வீட்டுக்காரரை நாஷ்டா சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகச் சொல்லு, பசியில் தூங்கிவிடுகிறார்" என்று ஒரு மராத்திக்கார அம்மாள் சொல்லிப் பெட்டியே சிரித்ததாம். அவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அவள் பள்ளிக்கூடத்தில் மாதத்தில் மூன்று முறை தாமதமானால் அரை நாள் லீவு போய்விடும். அந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் இரண்டு முறை ஆகிவிட்டது.

"ரெண்டு லேட் மார்க் போட்டுட்டாவ. இன்னொரு தடவை ஆச்சுன்னா ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு விட்ருவாவ. ஒங்க சிக்னலுக்கு என்ன கேடுன்னுதான் கேக்கேன்" என்று, நான் சொல்லப்போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் சண்டை போட்டாள்.

அந்தக் கேடு என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தண்டவாளத்தில் எப்போதும் ஒரு சிறிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டால்கூடத் தெரியாது, அவ்வளவு குறைவு. ரயில் வந்து அதன் சக்கரங்கள் ஏறினால் அந்த மின்சாரம் சக்கரம் வழியாகக் குறுக்கே போய்விடும். மறுமுனையில் இருக்கும் ரிலே என்ற மின்சார ஸ்விட்ச் உடனே விழும், சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும். இங்கே வண்டி நிற்கிறது, இன்னொன்றை அனுப்பாதே என்று அர்த்தம். யாரும் பொத்தானை அமுக்க வேண்டியதில்லை. வயர் அறுந்தாலும் சிவப்பு. பேட்டரி தீர்ந்தாலும் சிவப்பு. தண்டவாளமே உடைந்தாலும் சிவப்பு. சந்தேகம் வந்தால் நிறுத்து என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

மழைக்காலத்தில் ஒரு தொல்லை உண்டு. ஜல்லி மூழ்கும்படி தண்ணீர் தேங்கினால் அந்தத் தண்ணீர் வழியாகவே மின்சாரம் கசிந்துவிடும். வண்டி எதுவும் இல்லாமலேயே சிவப்பு விழும். எங்கள் ஸ்டேஷனுக்குள் வண்டி நுழையும் இடத்தில் ஒரு வளைவு உண்டு. அங்கே பக்கத்துக் கால்வாய் அடைத்துக்கொண்டு, பலத்த மழை பெய்தாலே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிடும். அந்த மாதத்தில் மட்டும் எட்டோ ஒன்பதோ முறை பொய்ச் சிவப்பு காட்டிவிட்டது. நான் பாதை பராமரிப்பவர்களிடம் கால்வாயைத் தோண்டச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தேன்.

இப்படிக் கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. நான் ஸ்டேஷன் மாஸ்டரிடம் மெமோ எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டு, அந்தப் பாதையைப் பழுது என்று வைத்து, வரும் டிரைவருக்கு எழுத்தில் அனுமதி கொடுப்பார். வண்டி நடந்து வருகிற வேகத்தில் ஊர்ந்து வரும். இதில் ஆபத்தே இல்லை. ஆனால் மெமோ எழுதினால் ரிஜிஸ்டரில் ஏறிவிடும். வண்டிகளை நடத்தும் கன்ட்ரோல் ஆபீஸிலிருந்து போன் மேல் போன் வரும். மறுநாள் நான் விளக்கம் எழுத வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டரும் எழுத வேண்டும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சிக்னலின் மூளை மாதிரியான ரிலே ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம், இன்னொன்று என்னிடம். ஒருவர் தனியாகத் திறந்து எதையும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. சாவி கை மாறினால் நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரும் நானும் நண்பர்கள். என் டப்பாவில் இட்லி இருந்தால் அவனுக்குப் பாதி, அவன் டப்பாவில் பாகர் என்கிற சோள ரொட்டி இருந்தால் எனக்குப் பாதி. அவன் மேசை மேல் சாவியைத் தள்ளுவான், நான் எடுத்துக்கொண்டு போவேன். எழுதுவது கிடையாது. உள்ளே போய் ஒரு சாண் நீள வயரை எடுத்து, விழுந்து கிடக்கும் ரிலேவுக்குப் பக்கத்திலிருந்தே மின்சாரம் கொடுத்துவிடுவேன். ரிலே எழுந்துகொள்ளும். பாதை சரியாக இருக்கிறது என்று சிக்னல் நம்பிவிடும். வண்டி போன பிறகு சாவகாசமாகத் தண்ணீரை வடித்து, வயரை எடுத்துவிடுவோம். மாட்டினால் வேலை போய்விடும் என்பது தெரியும். தெரிந்தேதான் செய்தோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் செய்தார்கள், பக்கத்து ஸ்டேஷனிலும் செய்தார்கள். அது எங்களுக்குத் தப்பாகவே படவில்லை, வேலையில் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குக் காலையில் ஓர் எக்ஸ்பிரஸ் போனது. அது போய் முடிந்த பிறகும் ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் உள்ள பேனலில் அந்த வளைவுக்கான சிவப்பு விளக்கு அணையவில்லை. நண்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினான்.

"அரே பாபா, உன் செல்லப்பிள்ளை மறுபடி அழ ஆரம்பிச்சிடுச்சு. லோக்கல் பின்னாலேயே வருது. கன்ட்ரோல் என் உயிரை எடுப்பான்."

இரவு முழுக்க மழை பெய்திருந்தது. எனக்குச் சந்தேகம் என்று ஒன்று எழவே இல்லை. அடுத்து வருவது என் மனைவி வரும் லோக்கல். மூன்றாவது லேட் மார்க் கண் முன்னால் வந்து நின்றது. கையை நீட்டினேன், சாவி வந்தது. ரிலே ரூமுக்குள் போய் வயரை மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ரிலே 'டக்' என்று எழுந்தது. பேனலில் சிவப்பு அணைந்தது. நண்பன் லோக்கலுக்குச் சிக்னலைக் கொடுத்தான். நான் ரூமைப் பூட்டினேன். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு கம்பியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, தண்ணீரை வடிக்க வளைவுப் பக்கம் நடந்தேன். வழியில் ஹிந்திப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது. அவ்வளவு நிம்மதியாக இருந்தேன்.

வளைவில் தண்ணீர் இல்லை.

ஜல்லி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். கால்வாயை எட்டிப் பார்த்தேன். யாரோ அதைச் சுத்தமாகத் தோண்டி வைத்திருந்தார்கள். தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. நான் பல நாளாகச் சொன்னதைக் கேட்டு, முந்தின நாள் நான் வீட்டுக்குப் போன பிறகு கேங்மேன்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது.

அப்படியானால் எதற்குச் சிவப்பு விழுந்தது? இந்தக் கேள்வியை நான் ரிலே ரூமுக்குள் போவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். இப்போதுதான் கேட்டேன். சிக்னலை நோக்கித் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஸ்டேஷனுக்குள் விடும் அந்தச் சிக்னல் கம்பத்துக்குப் பத்து அடி தள்ளி, ஸ்டேஷன் பக்கமாக, அது இருந்தது. தண்டவாளத்தை வெல்டிங் செய்து ஒட்டவைத்த இடத்தில் பிளந்திருந்தது. நான்கு விரலை உள்ளே விடலாம். ஒரு முனை சற்றே வெளிப்பக்கம் விலகி நின்றது. எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டிகள் போகும்போது விட்டிருக்க வேண்டும். அந்த இடத்தில் பாதைக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சரிவு, கீழே நாலா என்கிற ஓடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது.

கம்பத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சிக்னலின் முகத்தைப் பார்த்தேன். பச்சை.

எங்கள் தொழிலில் ஒருவனுக்குத் தூக்கத்தில்கூடத் தெரிந்த காரியம் ஒன்று உண்டு. அவசரமாக வண்டியை நிறுத்த வேண்டுமானால், இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஒரு வயரை வைத்தால் போதும். ரயில் ஏறிவிட்டது என்று சிக்னல் நினைத்துக்கொண்டு சிவப்பாகிவிடும்; பிறகு ஸ்டேஷனிலிருந்து மறுபடி கொடுத்தால்தான் பச்சையாகும். அதற்காகவே பையில் நீளமாக ஒரு வயர் வைத்திருப்போம். என் மூளை யோசிப்பதற்கு முன்னால் கை அதைச் செய்துவிட்டது. வயரின் ஒரு முனையை ஒரு தண்டவாளத்தில் காலால் மிதித்து, மறுமுனையை இன்னொன்றில் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு, கம்பத்தடியில் குனிந்தபடியே எட்டிச் சிக்னலின் முகத்தைப் பார்த்தேன்.

பச்சைதான்.

இன்னும் அழுத்தினேன். பச்சை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடைந்த தண்டவாளம் ஏற்கெனவே நிறுத்து நிறுத்து என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நான் அதன் வாயை ரிலே ரூமில் கட்டிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி இந்த இடத்தில் நான் எத்தனை வயரை வைத்தாலும், இங்கே ஒரு ரயிலே கவிழ்ந்து கிடந்தாலும், அந்தச் சிக்னல் பச்சையாகத்தான் இருக்கும். என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதற்கு முன்னும் அனுபவித்ததில்லை, பின்னும் இல்லை. கர்த்தாவே என்று வாய்விட்டே கூப்பிட்டேன்.

தூரத்தில் லோக்கலின் ஹாரன் கேட்டது.

நண்பனுக்குப் போன் செய்ய அந்தக் கம்பத்துப் பெட்டியில் வசதி உண்டு. ஆனால் பெட்டியைத் திறந்து, போனைச் செருகி, கைப்பிடியைச் சுற்றி, அவன் எடுத்து, நான் புரியவைத்து... அதற்கு நேரம் இல்லை. வண்டியை நோக்கி ஓடிக் கையை ஆட்டலாம். ஆனால் வளைவு, தூறல், முன்னால் பச்சை விளக்கு. பச்சையைப் பார்த்து வருகிற மோட்டார்மேன் ஓரத்தில் கையை ஆட்டும் ஆளைக் கடைசி நேரத்தில்தான் கவனிப்பார். எதைச் செய்தாலும் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது என்று புரிந்தது.

நான் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து ஓடினேன். யாராவது பார்த்திருந்தால், பயந்து ஓடுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். விஷயம் இதுதான். தண்டவாளம் முழுவதும் ஒரே மின்சாரம் இல்லை. துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ரிலே. சிக்னல் பச்சையாக இருக்க வேண்டுமானால் எல்லாத் துண்டுகளும் சரியாக இருக்க வேண்டும். நான் ஏமாற்றியது வளைவில் உள்ள துண்டை மட்டும். அதற்கு அடுத்த துண்டில் நான் கை வைக்கவில்லை. அது ஸ்டேஷன் பக்கம் முந்நூறு அடி தள்ளி ஆரம்பிக்கிறது. ஈரக் கட்டைகள் மேல் வழுக்கிக்கொண்டு ஓடினேன். ஒருமுறை விழுந்து முழங்கால் கிழிந்தது, அது அப்போது தெரியவில்லை. அந்த இணைப்பைத் தாண்டியதும் அப்படியே மண்டியிட்டு, வயரைக் குறுக்கே வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினேன்.

அங்கிருந்து பார்த்தால் சிக்னலின் முகம் தெரியாது. அது வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும், எனக்குத் தெரிவது அதன் முதுகு மட்டும்தான். அது சிவப்பாகிவிட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. லோக்கல் வளைவில் திரும்புவது தெரிந்தது. முன் விளக்கு தெரிந்தது. வேகம் குறைந்த மாதிரி இல்லை. என் மனைவி எப்போதும் லேடீஸ் பெட்டியில் வாசல் பக்கம் நிற்பாள். அவளை நினைத்தேன். எங்கள் மகளை நினைத்தேன், அன்றைக்கு அவள் ஸ்கூலுக்குப் போகும்போது நான் டாட்டாகூடக் காட்டவில்லை. அந்த வண்டியில் ஆயிரம் பேராவது இருப்பார்கள், பிம்ப்ரிக்கும் ஆகுர்டிக்கும் ஃபேக்டரி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். உண்மையைச் சொல்கிறேன், அவர்கள் யாரையும் அப்போது நினைக்கவில்லை. இவளை மட்டும்தான் நினைத்தேன்.

பிரேக் சத்தம் கேட்டது. காற்று பீறிடும் சத்தமும் இரும்பு உரசும் சத்தமும் சேர்ந்து நீண்டுகொண்டே போயின. வண்டியின் முகம் சிக்னல் கம்பத்துக்கு நேராக வந்து நின்றது. இன்னும் பத்து அடி வந்திருந்தால் முதல் சக்கரம் அந்தப் பிளவில் இறங்கியிருக்கும்.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் நான் அழவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை. வண்டியைப் பார்த்து ஓடாமல், யாருக்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்க்காமல், அவளையும் பார்க்காமல், நான் மறுபடி ஸ்டேஷனைப் பார்த்து ஓடினேன். ரிலே ரூமில் இருக்கும் அந்த வயரை எடுக்க.

நண்பன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தான். அடுத்த துண்டும் சிவப்பாகிவிட்டதே, இதுவும் கோளாறா என்று கேட்க வாயைத் திறந்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"க்யா ஹுவா?"

"ரயில் டூட்டா ஹை. தண்டவாளம் ரெண்டாப் பிளந்து கிடக்கு. வயர் உள்ள இருக்கு" என்றேன் பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாக. அவனுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் முழுக்கப் புரிந்துவிட்டது. சாவியை எடுத்து நீட்டினான். வயரைப் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். பேனலில் வளைவுத் துண்டின் சிவப்பு மறுபடி எரிந்தது. அதற்குப் பிறகு மெமோ எழுதினேன். நேரத்தைப் போடும்போது, அந்தச் சிவப்பு இடையில் அணைந்ததே இல்லை என்பதைப் போல எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பாதை ஆட்கள் வந்து, பிளவுக்கு இரும்புப் பட்டை வைத்து இறுக்கி, வண்டியை ஊர்ந்து விட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பாதிப் பேர் இறங்கி, பாதை ஓரமாக நடந்து, ரோட்டில் சிக்ஸ் சீட்டர் ஆட்டோ பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிற போக்கில் சிக்னல்காரர்களைத் திட்டிக்கொண்டே போனார்கள். அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் வந்தாள், புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. தூரத்திலிருந்தே என்னைப் பார்த்து, வீட்டுக்கு வாரும், பேசிக்கொள்வோம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அந்தக் கோபம் எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

சாயங்காலம் வீட்டில் அவள் பேசிய பேச்சை முழுக்க வாங்கிக்கொண்டேன். மூன்றாவது லேட் மார்க் விழுந்துவிட்டது. தண்டவாளம் உடைந்திருந்தது என்று மட்டும் சொன்னேன். "நல்ல வேளை பாத்தீங்க" என்று சட்டென்று தணிந்துபோய் எனக்கு ஒரு முட்டை கூடப் பொரித்துப் போட்டாள். அந்த முட்டையை எடுத்து மகள் தட்டில் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. தண்டவாள உடைப்பைச் சமயத்தில் கண்டுபிடித்து, விபத்தைத் தவிர்த்ததற்காக எனக்கும் நண்பனுக்கும் பாராட்டுப் பத்திரம் கொடுக்கப்போகிறார்களாம். மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். சொன்னால் என்னோடு அவன் வேலையும் போகும். அவனுக்கு அப்போது மூன்று பெண் குழந்தைகள். இதெல்லாம் காரணம்தான், பொய் இல்லை. ஆனால் என் வேலையும் போகும் என்பதுதான் முதல் காரணம். ஒரு ஹாலில் மாலை போட்டு, பத்திரம் கொடுத்து, கைதட்டினார்கள். மனைவி கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நான் கண்டுபிடிக்கவில்லை. சிக்னல்தான் முதலில் கண்டுபிடித்தது" என்றேன். அடக்கமான மனிதர் என்று அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் அவள் பத்திரத்துக்கு எங்கிருந்தோ கண்ணாடி போட்ட சட்டம் வாங்கி வந்து, ஸ்டூல் மேல் ஏறிச் சுவரில் ஆணி அடிக்க ஆரம்பித்தாள். இயேசு படத்துக்குப் பக்கத்தில். அதுதான் என்னை உடைத்துவிட்டது.

"மாட்டாத. எறங்கு" என்றேன்.

நடந்த எல்லாவற்றையும் சொன்னேன். வயரைப் போட்டது, பாட்டுப் பாடிக்கொண்டு போனது, பச்சை பச்சையாகவே இருந்தது, கடைசியில் அவளைப் பார்க்க வராமல் வயரை எடுக்க ஓடியது. அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்து கேட்டாள். சுத்தியல் மடியில் இருந்தது.

"அடுத்து வாரது நா வார வண்டின்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான் போட்டேன். ஒனக்கு லேட் ஆயிரக் கூடாதுன்னு."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய்ச் சமையலைப் பார்த்தாள். பத்திரம் எங்கே போனது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடித்த ஆணி மட்டும் கொஞ்ச நாள் சுவரில் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் டப்பாவைக் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, கேஸை மூடியாச்சா என்று கேட்பதுபோல சாதாரணமாகக் கேட்டாள்.

"இன்னைக்கு வயரு ஏதும் போட மாட்டீங்கள்லா?"

"மாட்டேன்" என்றேன்.

அன்றைக்கு மட்டுமில்லை. அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல், அவள் அந்த லோக்கலில் போய்வந்த அத்தனை நாளும், நான் வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவோடு அந்தக் கேள்வியும் வந்தது. குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே பதில் தெரிய வேண்டியிருந்தது. அந்த வண்டியில் ஏறப்போவது அவள்தானே.

வேலையில் நானும் நண்பனும் மாறிப்போனோம். மெமோ இல்லாமல் நான் ரிலே ரூம் பக்கம் போவதில்லை. ரிஜிஸ்டரில் எழுதாமல் அவன் சாவி கொடுப்பதில்லை. கன்ட்ரோலில் இருப்பவர்கள் எங்கள் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். கூட வேலை செய்பவர்கள் எனக்கு 'மெமோ மாஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். எத்தனையோ நாள் பொய்ச் சிவப்புக்காக வண்டிகள் நின்றன, லேடீஸ் பெட்டியில் என்னைத் திட்டினார்கள், மனைவிக்கு அரை நாள் லீவுகள் போயின. அவள் அதைப் பற்றி மட்டும் பிறகு ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு புதுப்புது சாதனங்கள் வந்தன. கம்ப்யூட்டர் வந்தது, சக்கரங்களை எண்ணும் கருவி வந்தது. புதிதாக வேலைக்கு வந்த பையன்கள், இதை யாராலும் ஏமாற்ற முடியாது சார் என்று பெருமையாகச் சொல்வார்கள். நான் தலையை ஆட்டுவேன். மெஷின் தப்புச் செய்யாது என்று நான் சொல்லமாட்டேன், நிறையச் செய்யும். ஆனால் அது தப்புச் செய்தால் வண்டியை நிறுத்தும். நான் தப்புச் செய்தபோது போகவிட்டேன். அதுவும் கெட்ட எண்ணத்தில் இல்லை, கட்டின மனைவி நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்.

ஓய்வு பெற்ற நாளில் எல்லாரும் மேடையில் என் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள், எனக்கு அதில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் வாசலில் நின்று ஒருத்தி கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலைக் காப்பாற்றி, சாயங்காலம் அவள் முகத்தைப் பார்க்க முடிகிறபடி நடந்துகொண்டேன் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியும்.